ஆ, சொ: அப்பாவின் பதினொரு பெட்டிகள்

அப்பா இறந்தது 2017 தை மாதம். அவருடைய மாடி அறையைத் திறந்து வேலை ஆரம்பித்தது 2021 ஆவணியில். நடுவில் நாலரை வருஷம் பூட்டு தொங்கியது. துக்கத்தால் திறக்கவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் சாவி கோயம்புத்தூரில் தம்பியிடம் இருந்தது, எனக்குத் திருநெல்வேலியில் வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது.

அப்பா கோவில்பட்டியில் காலண்டர் படம் வரைந்தவர். ஓவியர் சி. கொண்டையராஜு இந்த ஊரில் உட்கார்ந்து வரைந்ததும், அவரிடம் கற்றவர்கள் சிவகாசி அச்சகங்களுக்கு முருகனையும் லட்சுமியையும் வரைந்து அனுப்பியதும் பலருக்குத் தெரிந்த கதை. ராஜு 1976-இல் மறைந்தார். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று வண்ணக் கிண்ணம் கழுவியவன் என்றுதான் அப்பா தன்னைச் சொல்லிக்கொள்வார். பிறகு தனியாக வரைந்தார். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசு டப்பா மேல் சிரிக்கும் குழந்தை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எது வந்தாலும் வரைவார். பெரிய பெயர் எதுவும் கிடையாது. கண்காட்சி வைத்ததில்லை. இப்படிப்பட்டவர்கள் விட்டுப்போனதை வீட்டார் என்ன செய்வது என்று எங்கும் எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அதனால் நான் செய்ததை, கெடுத்ததையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன்.

அறையில் பதினொரு தகரப் பெட்டிகள். கடலைமிட்டாய் டின்கள் ஒன்பது. ஒரு கட்டில், அதன் அடியில் சணல் கட்டிய அட்டைக் கட்டுகள். ஜன்னல் ஓரத்தில் வண்ணம் காய்ந்து கல்லாகிப்போன புட்டிகள்.

முதல் நாளே தப்புப் பண்ணினேன். ஒன்றாம் பெட்டியைத் திறந்து, முருகன் எல்லாம் ஒரு பக்கம், லட்சுமி எல்லாம் ஒரு பக்கம், கிருஷ்ணர் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. இரண்டாம் பெட்டியில்தான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு கட்டையும் வெள்ளை நூலால் கட்டியிருந்தார். ஒரு கட்டுக்குள் ஒரே படத்தின் பென்சில் ஸ்கெட்ச், ஊசியால் குத்திய டிரேசிங் தாள், பார்த்து வரைந்த போட்டோ, அச்சகத்துக் கடிதம், ரசீது எல்லாம் இருந்தன. அதாவது ஒரு படம் எப்படிப் பிறந்தது என்பதன் முழு வரலாறும் அந்த நூலுக்குள் இருந்தது. ஒன்றாம் பெட்டியில் நான் அதை அறுத்துச் சாமிவாரியாகக் கலைத்துவிட்டேன். அந்தப் பெட்டி இன்றுவரை சரியாகவில்லை. எந்த டிரேசிங் எந்த முருகனுக்கு என்று ஊசித்துளைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, பத்தில் நாலு சேர்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்த ஊசித்துளைத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு முகத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தால், டிரேசிங் தாளில் கோட்டின் மேலேயே நெருக்கமாக ஊசியால் குத்துவார். பிறகு தாளை அட்டை மேல் வைத்து, துணியில் முடிந்த கரித்தூளால் ஒத்தி ஒத்தித் தட்டினால், துளை வழியாகத் தூள் இறங்கி அட்டையில் புள்ளிக்கோலம் மாதிரி முகம் நிற்கும். அந்தத் தாள்களை முதலில் எலி கடித்த குப்பை என்று நினைத்தேன். சாய்வாக வெளிச்சம் காட்டியபோது ஒன்றிலிருந்து லட்சுமி முகம் எழுந்து வந்தது. கன்னத்து ஓரம் மட்டும் துளைகள் பிய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. அத்தனை தடவை உபயோகித்திருக்கிறார்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். தூசி படிந்த ஒரு கண்ணன் படத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். பஞ்சு நீலமாகிவிட்டது. போஸ்டர் கலருக்குப் பசை கோந்து. எத்தனை வருஷம் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். கண்ணனின் இடது தோளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்த வட்டம் விழுந்துவிட்டது. அதை நான் திருப்பி வண்ணம் அடித்து மூடவில்லை. அப்பாவின் படத்தில் என் கை படக்கூடாது என்பது ஒரு காரணம், எனக்கு அவ்வளவு கை வராது என்பது இன்னொன்று. பதிவேட்டில் 'தோளில் சேதம், 2021, நான் செய்தது' என்று எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எதையும் தொடாமல் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். அப்புறம் அமைந்த முறை இது. முதலில் அறையை அப்படியே நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்தேன். பிறகு பெட்டியைத் திறந்து மேலிருந்து பார்த்தபடி ஒரு படம். ஒவ்வொரு கட்டையும் வெளியே எடுக்கும்போது ஒரு படம். எண் போட்டது பின்பக்க மூலையில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா கூடவே கூடாது, பால்பாயின்ட் எழுத்து முன்பக்கம் மேடு கட்டும். ஐந்தாம் பெட்டி, மூன்றாம் கட்டு, இரண்டாம் தாள் என்றால் 05-03-02. அழகான பெயர் எதுவும் வைக்கவில்லை. 'முருகன்-நீலம்-புதுசு' என்றெல்லாம் கோப்புக்குப் பெயர் வைத்தால் மூன்றாம் வாரம் நமக்கே புரியாது.

தூசிக்குக் காய்ந்த மெல்லிய தூரிகை மட்டும். வண்ணம் செதில் செதிலாக எழும்பி நிற்கும் படங்களில் அதுவும் கிடையாது. பிளாஸ்டிக் உறை போடலாம் என்று கடைக்காரர் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். நல்ல வேளை, போடவில்லை. சாதாரண பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல பாலியெஸ்டர் உறையானாலும், உராயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் எழும்பி நிற்கும் செதிலை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அமிலமில்லாத மெல்லிய தாளை இடையில் வைத்து, முக்கியமானவற்றை மட்டும் அமிலமில்லாத அட்டையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மீதிக்குத் துவைத்துத் துவைத்துக் கஞ்சி முழுக்கப் போன வெள்ளைப் பருத்தித் துணி. அப்பாவின் பழைய வேட்டிகள்தான்.

செல்லோடேப் ஒட்டியிருந்த இடங்களில் டேப் உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் இருந்தது. அதை ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பிரேம் படம் மூன்று, அவற்றையும் பிரிக்கவில்லை. வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். எது நம்மால் முடியாதோ அதை விட்டுவைப்பதும் இந்த வேலையில் ஒரு பங்கு என்று வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டேன்.

பூச்சி விஷயத்தில் கரிசல் பூமியின் வறட்சி உதவியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை தவிர அறையில் ஈரமே இல்லை. ராமபாணப் பூச்சி மட்டும் இருந்தது, அதுவும் மைதாப் பசை தடவிய இடமாகப் பார்த்து. பசை ஒட்டிய ஓரத்தை மட்டும் மேய்ந்துவிட்டுப் படத்தை விட்டுவைத்திருந்தது. பூச்சி அரித்த இரண்டு கட்டுகளை நன்றாக உறையிட்டுக் காற்றை வெளியேற்றி, மாமா வீட்டு ஐஸ்பெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். மைனஸ் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் முட்டையோடு சாகும். ஆனால் இதைப் பழைய ஃபைல், கடிதக் கட்டுக்குத்தான் செய்தேன். வண்ணம் பூசிய அட்டைக்குச் செய்யத் துணியவில்லை. பாச்சை உருண்டையை அடியோடு எடுத்துவிட்டேன். அந்த வாசனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கிறது.

கடலைமிட்டாய் டின்களில் நெகட்டிவ்கள். ஆறு டின் நன்றாக இருந்தன. மூன்றைத் திறந்தவுடன் ஊறுகாய் மாதிரிப் புளித்த நெடி. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாசனை வரும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். அந்த மூன்று டின்களை அன்றே கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றைத்தான் பிரதி எடுத்தேன். சுருண்டு நெளிந்துபோயிருந்தன. பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகக் காப்பாற்ற முடிந்தது.

ஸ்கேனரில் அடங்காத இருபதுக்கு முப்பது அங்குல அட்டைகளைக் கேமராவில் எடுத்தோம். தம்பி வந்திருந்த தீபாவளி விடுமுறையில் நான்கு நாள். இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் விளக்கு, நடுவில் ஸ்டாண்டு, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சாம்பல் நிறத் துண்டு அட்டை. அது இல்லாவிட்டால் பின்னால் வண்ணத்தைச் சரிபார்க்க அளவுகோலே இருக்காது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. தம்பி பின்பக்கம் எதற்கு என்று முணுமுணுத்தான். ஒரு படம் டிஃப் கோப்பாக ஏறக்குறைய 140 எம்பி. மொத்தமும் இரண்டு ஹார்ட்டிஸ்கில். ஒன்று என்னிடம், ஒன்று கோயம்புத்தூரில். சின்ன அளவுப் பிரதிகள் இணையச் சேமிப்பில்.

பின்பக்கம் எதற்கு என்றால் இதற்கு. 03-07-01-இன் பின்னால் அப்பாவின் கையெழுத்து: 'வெண்ணெய் கண்ணன் 2ம் தடவை. ஆரஞ்சு கம்மி பண்ணச் சொன்னார். கால் கொலுசு வேண்டாம். 350.' முன்பக்கத்தைப் பார்த்தால் கொலுசு இருந்த இடத்தில் தோல் நிறம் ஒரு சுற்று தடிப்பாக இருக்கிறது.

ஆறாம் பெட்டியின் அடியில் நீள நோட்டுகள் கிடைத்தன. காக்கி அட்டை போட்டவை. 1971 முதல் 2003 வரை. வேலை வாரியாகத் தேதி, படம், அளவு, யாருக்கு, எவ்வளவு. எனக்குத் தொழிலே கணக்கு எழுதுவது என்பதால் படங்களைவிட அதுதான் கையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்து: சிலவற்றுக்கு 'ஆ', சிலவற்றுக்கு 'சொ'. 'ஆ' என்றால் ஆயில் பெயின்ட் என்று முடிவுகட்டி, பதிவேட்டில் இருநூறு வரிக்கு மேல் அப்படியே ஏற்றிவிட்டேன். 'சொ' மட்டும் புரியவில்லை. ஒரு நாள் மடியில் நோட்டோடு கீழே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஆயிலாவது ஒண்ணாவது. உங்கப்பா ஆயில் தொட்டதே மூணோ நாலோதான். ஆர்டர், சொந்தம். அவங்க கேட்டு வரஞ்சது ஆர்டர். இவரா வரஞ்சுட்டுப் போய்க் காட்டி வித்தது சொந்தம். அது தெரியாமலா இத்தன நாளா எழுதுற?"

இருநூறு வரியும் அழித்து எழுதினேன். ஆனால் இந்த இரண்டு எழுத்தின் எடை அப்போதும் தெரியவில்லை. பதிப்புரிமை பற்றி ஒரு வக்கீலிடம் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது.

1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை ஓவியர் உயிரோடிருக்கும் வரைக்கும், இறந்தபின் 60 வருஷத்துக்கும் உண்டு. இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. அப்பா 2017, ஆகவே 2077 டிசம்பர் 31 வரைக்கும். எனக்கு அப்போது வயசு கேட்காதீர்கள். இதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரைந்த நொடியே உரிமை உண்டு. ஆனால் பிரிவு 17-இல் ஒரு கொக்கி. விலை பேசி, ஒருவர் சொல்லி வரைந்து கொடுத்த ஓவியமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஓவியர் தானாக வரைந்ததென்றால் அவர்தான் உரிமையாளர். அதை விற்றாலும் அட்டைதான் போகும். உரிமை போக வேண்டுமென்றால் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

அதாவது ஆ, சொ. அப்பா சட்டம் படித்து எழுதியதில்லை. ஆர்டருக்கு முன்பணம் வரும், சொந்தத்துக்கு வராது, அதற்காகக் குறித்தது. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் எதில் உரிமை இருக்கிறது, எதில் இல்லை என்பதற்கு அந்த ஓரெழுத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மொத்தம் 612 வரிகள். அதில் 431 ஆ. ஆக முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய, எங்களுடையது இல்லை. தம்பி முகம் சுண்டிப்போனான். மீதி 181 சொ-விலும், கட்டுக்குள் இருந்த கார்பன் ரசீதுகளைப் பார்த்தால் சிலவற்றில் 'சகல உரிமைகளுடன்' என்ற வார்த்தையோடு அப்பாவின் கையெழுத்து. அதையும் கழித்தால் சுத்தமாக எங்களுக்கு என்று நிற்பது 118. சுத்தமாக என்றாலும் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூன்று பேருக்கும் சமபங்கு. பென்ஷன் இல்லாத வீடு என்பதால் வாரிசுச் சான்றிதழ் அதுவரை வாங்கவே இல்லை. இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, விஏஓ, ஆர்ஐ என்று சுற்றி, வந்துவிட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை.

எந்த உரிமை போனாலும் போகாத ஒன்று பிரிவு 57-இல் இருக்கிறது: வரைந்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. அவருக்குப் பிறகு அது வாரிசுக்கு வரும். இதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் வந்தது. பக்கத்துத் தெருவில் புது வீடு ஒன்றின் முகப்பில் டைல்ஸில் மயில்மேல் முருகன். கால் பெருவிரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அப்பா அதைக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் வரைவார். மூலையில் கையெழுத்து இருந்த இடத்தை வெட்டிவிட்டு இரண்டு தாமரை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடிவந்து நோட்டைப் பிரித்தேன். 7.3.79, முருகன் மயில், 20×30. முன்னால் 'ஆ'. எங்களால் காசு கேட்க முடியாது. பெயர் கேட்கலாம் என்று படத்தை வாங்கிய அச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். போனில் பேசிய பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். "டைல்ஸ்காரன் எங்ககிட்டயும் கேக்கலம்மா" என்றார். அதோடு நிற்கிறது.

இந்த வேலை நடந்த காலத்தில் ஓவியர் வின்சென்ட் வான் கோவின் தம்பி மனைவி ஜோவைப் பற்றிப் படித்தேன். வின்சென்ட் 1890 ஜூலையில் போனார், ஆறு மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். இருபத்தெட்டு வயசு, கைக்குழந்தை, வீடு நிறைய யாரும் வாங்காத படம். அந்த அம்மாள் பஸ்ஸம் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டு, படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக விற்று, 1914-இல் அண்ணன் தம்பிக் கடிதங்களை அச்சிட்டார். சூரியகாந்திப் படம் ஒன்றை லண்டன் நேஷனல் காலரிக்கு விற்றது 1924-இல்தான். வான் கோவையும் அப்பாவையும் ஒரே வரியில் வைத்து எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: தியோவும் ஜோவும் எழுதிய வரவுசெலவு நோட்டு இன்றும் இருக்கிறது, எந்தப் படம் யாரிடம் எப்போது போனது என்று அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்கள். ஜோ கணக்கு எழுதியிருக்கிறார் என்று படித்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவின் பங்கு பற்றிச் சொல்லவில்லையே. மாடி ஏற முடியாததால் படங்களைக் கீழே கொண்டுவந்து காட்டுவேன், அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்வேன். அதற்காகவே பதிவேட்டில் ஒன்பதாவது கட்டம்: படத்துக்கு மாதிரியாக யார் அமர்ந்தது. ஒரு கஜலட்சுமியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "முகம் யாரோ. கை ரெண்டும் என்னது" என்றார். நம்பாமல் பார்த்தேன். வலது சுண்டுவிரல் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. அம்மா தன் கையை அட்டை பக்கத்தில் வைத்துக் காட்டினார். "அன்னைக்கு உளுந்து ஆட்டிட்டு இருந்தேன். கழுவிட்டு வான்னார். அரமணி நேரம் கைய அப்படியே தூக்கி வெச்சு நின்னேன். மாவு காஞ்சு போச்சு." ஒன்பதாவது கட்டத்தில் 'கைகள்: அம்மா' என்று எழுதினேன். அதற்குப் பிறகு தேடியதில் இதுவரை பதினான்கு படங்களில் அந்தச் சுண்டுவிரல் இருக்கிறது.

எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பேச்சு மூன்று பேருக்கும் நடுவில் ஒரு வருஷம் ஓடியது. தம்பிக்கு நல்லதாக இருபதை விற்றுவிடலாம் என்று இருந்தது. வாங்கியவர் மறுபடி விற்கும்போது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்று சட்டத்தில் 53அ என ஒரு பிரிவே இருக்கிறது. அதை நம்பி யாரும் வீடு கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு விற்பதில் தடையில்லை, ஆனால் நூல் கட்டைப் பிரிக்கக்கூடாது. படம் போனால் அதன் ஸ்கெட்ச், டிரேசிங், ரசீது எல்லாம் சேர்ந்து போக வேண்டும், பிரதி எடுத்தபிறகு. நோட்டுகள் எந்தக் காலத்திலும் விற்பனைக்கு இல்லை. இதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். ரோஜா முத்தையா நூலகத்தை நினைத்துக்கொண்டேன். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஒருவர் தனியாளாகச் சேர்த்த புத்தகமும் நோட்டீசும், அவர் 1992-இல் போன பிறகு சிதறாமல் ஒன்றாகச் சென்னைக்குப் போனதால்தான் இன்று நூலகமாக இருக்கிறது. தனித்தனியாக விற்றிருந்தால் அது பழைய புத்தகக் கடைச் சரக்கு.

இனி நோட்டில் விழுந்த ஓட்டை. 1984 முதல் 1988 வரைக்கான இரண்டு நோட்டுகள் இல்லை. அப்பா போன அடுத்த மாதம் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, கீழே பரணில் கிடந்த 'எழுதி முடிச்ச நோட்டு' ஒரு கட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. எடைக்குப் போட்டது நான்தான். படங்களையெல்லாம் பத்திரமாக மேலே வைக்கச் சொல்லிவிட்டு, நோட்டை எடைக்குப் போட்டேன். ஏழு கிலோ என்று நினைவிருக்கிறது.

அந்த ஐந்து வருஷத்தைத் தேடிச் சிவகாசிக்கு நான்கு தடவை போனேன். அச்சகங்களின் பழைய பேரேடுகள் எங்கும் இல்லை. ஆனால் அங்கே வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள். ஒரு ஏஜென்ட் வீட்டு அட்டாலியில் எண்பதுகளின் ஆல்பங்கள் தூசியோடு இருந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, கால் பெருவிரலும் சுண்டுவிரலும் கையெழுத்தும் பார்த்து, அப்பாவுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய 23 படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டன: வருஷம் இருக்கிறது, அளவு இருக்கிறது, சாமி இருக்கிறது. ஆ-வா சொ-வா என்ற கட்டம் மட்டும் இருபத்துமூன்று வரியிலும் காலி. தம்பி எல்லாவற்றுக்கும் 'சொ' போடச் சொல்கிறான். இன்னும் போடவில்லை.